‘எரியுது’ என்று சொல்லக் கூடாத தெரு

மாலை நாலு நாற்பதுக்குப் பெரம்பலூர் ஆபீசில் என் போன் அடித்தது. அரியலூரிலிருந்து எங்கள் எதிர்வீட்டுத் தீ வாத்தியார். ‘எரியுது’ என்ற ஒரு சொல்லுக்காக ஒரு தெருவையே பகைத்துக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். யாராவது “லைட் எரியுது” என்றால் வாளித் தண்ணீரோடு வந்து நிற்பார். டீக்கடையில் “வடை எரிஞ்சு போச்சு” என்றதற்கு ஒரு வகுப்பே எடுத்தார்.

“வடை தீயும். முடி பொசுங்கும். பயிர் கருகும். புண்ணு காந்தும். எல்லாத்துக்கும் ஒரே சொல்லப் போட்டா, மத்ததெல்லாம் எங்கய்யா போவும்?”

“காலையிலேருந்து இதையே பேசுறீங்க. எனக்கு வயிறு எரியுது சார்,” என்றார் கடைக்காரர்.

“அது எரியலாம். அனுமதி உண்டு.”

அவருக்கு மிஞ்சிய ஒரே மாணவி, ஆறாவது படிக்கும் என் மகள். நான் பஸ் பிடித்து வரும்வரை அவர் வீட்டில்தான் இருப்பாள். அன்று பால் காய்ச்சிக் குடிக்க எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

“பாப்பா கையில சூடான பால் கொட்டிடுச்சும்மா.”

“ஐயோ! கை எரிஞ்சு போச்சா சார்?”

“எரியலம்மா. நெருப்பு பட்டாத்தான் எரியும். இது வெந்துருக்கு. வேகுறது வேற, தீயுறது...”

போனை வைத்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

“உடனே குழாய்த் தண்ணியில கையப் பிடிச்சது நல்லதாப் போச்சு,” என்றார் டாக்டர். பிடித்தவர் வாத்தியார். “சாரு குழாய மூடவே விடலம்மா. தீயும், பொசுங்கும், கருகும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு,” என்றாள் மகள். பயந்தால் சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். அவருக்கு வாயில் வந்தது அது.

அதன்பின் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. “பெத்தவ பதறுறப்ப பாடம் நடத்துனேனே” என்று டீக்கடையில் புலம்பினாராம். நேரில் போய் அழைத்தேன். “வரேம்மா” என்றார். வரவில்லை. தெருவில் லைட் எரிந்தது, வடை எரிந்தது, கேட்க ஆளில்லை. இந்த நிம்மதிக்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினோமா என்றிருந்தது. மகள் கட்டுப் போட்ட கையோடு எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று சாயங்காலம் வாசலுக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“அம்மா! நம்ம வூட்டுல லைட் எரியுது!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டியபடி, வழியெல்லாம் தண்ணீர் சிந்த, வாளியோடு வந்தார். லைட்டைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

“இன்னும் காந்துதா பாப்பா?”

“இல்ல சார். அரிக்குது.”

வாளியைக் கீழே வைத்தார்.

“அரிக்குதா? அப்ப ஆறுதும்மா.”