ஒரு குறையும் இல்லைங்க

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா மருதையன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா ராமாயியும் மாடும் நலம். சென்னையில் நீயும் நலமாக இருப்பாய். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், ஆகையால் கடிதம்.

பணக்கார நாடுகள் சேர்த்திருக்கும் பருவநிலை நிதியிலிருந்து நம் வடிகாலுக்கு ஒரு கதவணை வாங்க, கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்க, இரண்டு வருடமாக நீ அலைந்த மனுவுக்காக, பாதிப்பை நேரில் பார்க்க இன்று காலை ஒரு வெளிநாட்டம்மாவும் மொழிபெயர்க்க ஒரு தம்பியும் காரில் வந்தார்கள். "உள்ளத உள்ளபடி காட்டுங்கப்பா" என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் ஊராட்சித் தலைவி கலைமகள், "வெளியூருலேர்ந்து வர்றவங்க முன்னாடி ஊரு அழுது வடியலாமா மாமா?" என்று கேட்டதும் எனக்கும் ரோசம் வந்துவிட்டது. உப்பில் கருகிய குறுவைப் பயிரை நேற்றே உழுது மறைத்தோம், உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த நம் நிலத்தின் மேல் ஷாமியானா போட்டுச் சிவப்புக் கம்பளம் விரித்தோம், அடிபம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாதே என்று கேன் தண்ணீர் இறக்கினோம், வந்தவர்களுக்கு மேட்டு வயலில் பச்சைப்பசேலென்று நிற்கும் நாற்றங்காலைக் காட்டினோம். அந்த வெளிநாட்டம்மா கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு, பாதிப்பு எங்கே என்று மொழிபெயர்க்கும் தம்பி மூலம் என்னைக் கேட்டார். விருந்தாளி கேட்டால் வழக்கமாக வருவதுதான் என் வாயிலும் வந்தது: "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க." அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

குறை இல்லையென்றால் கதவணையும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இருக்குங்க, கம்பளத்துக்குக் கீழ இருக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. சால்வை போர்த்தி அனுப்பிவிட்டோம். இன்று மாலைக்குள் அறிக்கை போய்விடுமாம். ஐப்பசியில் கடல் ஏறினால் சம்பாவும் போய்விடும், பிறகு நிலத்தை விட்டுவிட்டு உன்னிடம்தான் வர வேண்டும். பயமாக இருக்கிறதம்மா. உன் அம்மா என்னோடு பேசவில்லை, சோறும் போடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. உன் மன்னிப்பு எனக்கு உண்டா என்று எழுது.

இப்படிக்கு,
மருதையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அவர்கள் கார் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. கேன் தீர்ந்துபோனதால் உன் அம்மா அடிபம்புத் தண்ணீரிலேயே மோர் கரைத்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மோரில் ஏன் இவ்வளவு உப்பு என்று அந்த வெளிநாட்டம்மா கேட்கிறார். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் உப்பே போடலைங்க" என்கிறாள். அவர் நோட்டை மறுபடி திறந்துவிட்டார். நான் கம்பளத்தைச் சுருட்டப் போகிறேன்.