பெட்டியோடு பேசிய பேரம்

பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. (என் தலையைக் கண்டதுமே ராஜபாளையம் கடைக்காரர்கள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள்.) அந்தத் திறமையை ஒரு இஞ்சினிடமும் காட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டி மூட்டைகளை ஏற்ற எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதன் இஞ்சின் ஜாம் ஆனதும், மெக்கானிக் தங்கராசு அடிபட்டு நொறுங்கிய காரிலிருந்து ஒரு இஞ்சினைக் கழற்றி வந்தான். மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாப்பிள்ளையை இந்த வேனில்தான் அழைத்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அது புது மாதிரி இஞ்சின். எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்று சொல்ல அதற்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டுமாம். காரின் சொந்தப் பெட்டி விபத்தில் நசுங்கிவிட்டது. தங்கராசு கோயம்புத்தூர் போய் இரண்டு பெட்டி கொண்டுவந்தான்.

"அக்கா, இது அதே மாதிரி கார்ல கழட்டுனது. கம்பெனி வச்ச அளவுதான், மாத்த ஏலாது. இன்னொண்ணு தனிப் பெட்டி. எந்த இஞ்சினுக்கும் மாட்டலாம். அளவ நாமளே வைக்கணும்."

"நாமளே வைக்கலாமா?"

"வைக்கலாம். ஆனா பாத்து வைக்கணும்க்கா."

'வைக்கலாம்' வரைக்கும்தான் என் காதில் ஏறியது. தனிப் பெட்டியை மாட்டச் சொன்னேன். ஷெட்டில் இஞ்சினை ஓடவிட்டு, கையில் ஒரு சின்னக் கருவியை வைத்து அளவைத் திருகினான்.

"பெட்ரோலக் கொற" என்றேன். குறைத்தான். "பாத்தியா, ஓடுதுல்லா? இன்னுங் கொற."

"காலி வண்டி ஓடும்க்கா. ஆளு ஏறுனா அதுக்குப் பசிக்கும்."

"ஏலே, பெட்ரோல் பங்குக்காரன் உனக்கு மச்சானா? கொறடா!"

குறைத்தான். எனக்குத் தெரியாமல் கூட்டிவிடுவான் என்று அந்தக் கருவியை வாங்கி வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முகூர்த்தத்தன்று காலை, வேறு வேன் பிடிக்கலாமா என்று எங்க வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் பந்திப் பக்கம் போய்விட்டார். தங்கராசு ஓட்ட, மாப்பிள்ளை வீட்டாரை அடைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பினோம். மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் வண்டி இருமியது. குலுங்கியது. நின்றது.

"கூட்டி வைலே!"

"கருவி உங்க பீரோவுல இருக்குக்கா."

முகூர்த்தமோ நெருங்குகிறது. "எட கொறஞ்சா ஓடும்" என்றான். சித்தப்பாமார் இறங்கினார்கள். வண்டி கொஞ்ச தூரம் போய் இருமியது. சீர்த்தட்டோடு அத்தைமார் இறங்கினார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனது. கடைசியில் மாப்பிள்ளை, அவர் அம்மா, நான். (அப்போது நான் ஆள் கொஞ்சம் பூரிப்பு.) சம்பந்தியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மதினி, தாலி கட்ட மாப்பிள்ள வேணும். வண்டி ஓட்ட தம்பி வேணும். நான் பெத்தவ."

"நானும் பெத்தவதான்!"

"இல்லன்னு யாரு சொன்னா? எறங்குங்க."

இறங்கினேன். வண்டி பறந்தது.

பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் சித்தப்பாமாரும் அத்தைமாரும் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். ஒருவரும் எனக்கு நகர்ந்து இடம் விடவில்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது.

தாலி கட்டுகிற போட்டோவில் பஸ்ஸில் வந்த எங்களைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் தங்கராசு கிரீஸ் கையோடு அட்சதை போடுகிறான். ஆல்பத்தைப் புரட்டும் பேத்தி, "ஆச்சிய எங்கம்மா காணோம்?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள்.

என் மகள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

"ஏட்டி, ஆச்சி அப்ப ரோட்டுல நின்னு பெட்ரோல் மிச்சம் பிடிச்சா."