சென் இல்லாத பலகை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவரிடம் மற்றவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அவர் சொல்வது சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த ஆபத்தான ஆள் நான்தான்.

மலாயாவில், ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவர்கள். என்னை மட்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு அதே பள்ளிக்கூடத்தில் அதே வாத்தியார் ஜப்பான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். (நேற்று தான் படித்ததை இன்று எங்களுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன்.) மனப்பாடத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அதற்கு எனக்கென்று ஒரு வழி இருந்தது. ஜப்பான் மொழியில் ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் அரிமாசு, அரிமாசென் என்று அண்ணன் தம்பி போல ஒரே முகத்தோடு இரண்டு சொற்கள். எது எது என்று வகுப்பே தடுமாறியது. நான் தடுமாறவில்லை. மாசு என்றால் குறை. குறை என்றால் இல்லை. சென் என்றால் மலாய்க்காரர் பேச்சில் காசு. காசு என்றால் இருக்கிறது. எவ்வளவு சுலபம்! வாத்தியாரிடம்கூட இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அறிவைச் சும்மா தூக்கிக் கொடுக்கக் கூடாது என்று எண்ணம்.

அப்பாவின் வாயில் சுருட்டு இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. சண்டை வந்து கப்பல் நின்றதும் அரிசி மறைந்தது, துணி மறைந்தது, சுருட்டும் அருமையாகிப் போனது. அப்பா அசரவில்லை. பப்பாளி இலையைக் காயவைத்துச் சுருட்டினார். மரவள்ளி இலையைச் சுருட்டினார். ஒருமுறை ஏதோ காட்டு இலையைப் பற்றவைத்ததில், எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் மிஞ்சியிருந்த ஒரே கோழியும் அடுத்த லயத்துக்குக் குடிபெயர்ந்தது.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள், அவர் இருமலில் ரத்தம் கண்ட பிறகு சிரிக்கவில்லை. ஒரு மரம் வெட்டினால் அடுத்த மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னும் புகைச்சீங்கன்னா இந்த நெஞ்சுக்கு என்கிட்ட மருந்து இல்ல. புகைக்காட்டியும் மருந்து இல்ல. ஆனா பொழைச்சுக்குவீங்க.”

வேலைக்கு நிற்க முடியாதவர்களின் பெயரைத்தான் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு முதலில் எழுதுகிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சு இருந்தது. எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் லயமே கூடியது. அப்பாவின் கூட்டாளி கறுப்பையா மாமாதான் முதலில் பேசினார்.

“மச்சான், நீ ஒருத்தன் விடணும்னா கஷ்டம்லா. நாங்க ஊதுற புகை உன் மூக்குல ஏறும். அதனால நாங்களும் விடுறோம். இந்த லயத்துல இனிமே எவன் வாயிலயும் நெருப்பு கிடையாது!”

“ஆமா!” என்றார்கள் ஆண்கள் எல்லாரும். அடுத்த வீட்டு மரியம்மா அக்கா கழுத்துச் சிலுவையைத் தொட்டு, “எவனாவது சுருட்டு குடிச்சான்னு கேள்விப்பட்டேன், வெளக்குமாறுதான்” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சொன்னபடியே செய்தார்கள். ஒரு வீட்டிலிருந்து வறுத்த புளியங்கொட்டை வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து சுக்கு. ரந்தாவ் சுருட்டுக் கடைக்காரர் நானா அப்பாவைத் தூரத்தில் கண்டதுமே, “அண்ணே, உங்களுக்கு மட்டும் இல்ல” என்று கையை விரித்தார். ஆசை வரும்போது குரல் கொடுத்தால் பக்கத்து மர நிரையில் இருப்பவர்கள் ஓடிவந்து பேச்சுக் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாளே அப்பா ரப்பர்க் காட்டின் நடுவில் நின்று, “வருது! வருது!” என்று கத்தினார். சயாமுக்கு ஆள் பிடிக்கும் லாரிதான் வருகிறது என்று அத்தனை பேரும் வாளியைப் போட்டுவிட்டு ஆளுயர லாலாங் புல்லுக்குள் பாய்ந்தார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். அதற்கப்புறம், ஆசை வந்தால் “மாமியார் வந்துட்டா” என்று சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். அப்பாவின் மாமியார் அந்த மாதம் வந்ததுபோல உயிரோடிருந்த காலத்தில்கூட வந்ததில்லை.

இப்படி லயமே அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, படித்தவள் நான் சும்மா இருந்தால் எப்படி? அந்தக் காலத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால் போதும், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிகூடத் தொப்பியைக் கழற்றுவார். ஆகவே ஒரு பழைய பலகையில் சுண்ணாம்பு பூசி, ‘தபாக்கோ அரிமாசு’ என்று அடுப்புக்கரியால் ஜப்பான் எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன்.

“என்ன பாப்பா எழுதியிருக்கே?” என்றார் அப்பா.

“இங்க புகையிலை இல்லைன்னு. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லணும். சொல்லுங்க, தபாக்கோ அரிமாசு.”

“தபாக்கோ அரிமாசு” என்றார் அப்பா. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பலகை முன்னால் நின்று அதைச் சொன்னார். உண்மையில் அது அவருக்கு உதவியது. மற்ற ஆண்களும் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். என் எழுத்துக்குத்தான் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையில்லாத ஒரு பகல் பொழுது. லாரிச் சத்தம் கேட்டது. ஆண்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த லாலாங்கில் மறைந்தார்கள். ஓடும் அளவுக்கு அப்பாவுக்கு இன்னும் மூச்சு வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார். இடுப்பில் நீண்ட கத்தி தொங்க ஒருவனும், துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்தார்கள். கத்திக்காரன் எங்கள் பலகையைப் படித்தான். முகம் மலர்ந்தது. ஜப்பான்காரன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பாவின் முன்னால் கையை நீட்டி, “தபாக்கோ!” என்றான்.

அப்பா நான் பழக்கியபடி குனிந்து வணங்கி, “தபாக்கோ அரிமாசு” என்றார்.

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி கையை நீட்டினான். அப்பா தம் வெறுங்கையை விரித்துக் காட்டி, இன்னும் பணிவாக, “அரிமாசு, அரிமாசு” என்றார். அவன் சிரிப்பு நின்றது. “பகேரோ!” என்ற வசவும் அறையும் ஒன்றாகவே விழுந்தன.

அப்பாவின் உச்சரிப்புத்தான் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. (இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.) பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நேராக நின்று, பலகையைச் சுட்டிக்காட்டி, கணீரென்று, “தபாக்கோ அரிமாசு!” என்றேன். அவன் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினான். அம்மா மண்ணில் விழுந்து அவன் காலைப் பிடித்தார். என் வாயிலிருந்து அதற்கு மேல் ஜப்பான் மொழியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அப்போதுதான் லாலாங் அசைந்தது. கறுப்பையா மாமா எழுந்து, இரண்டு கையையும் தூக்கியபடி வந்தார். கத்திக்காரன் முன்னால் நின்று, மடியை அவிழ்த்து, ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார். அப்பா அதைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்க்கவில்லை.

கத்திக்காரன் அதை வாங்கி முகர்ந்துவிட்டு மறுபடி கையை நீட்டினான். மரியம்மா அக்கா உள்ளே ஓடி, அரிசி டின்னின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். “இது எங்க வீட்டுக்காரரோடது” என்றார், யாரும் கேட்காமலே.

“என்னோடது கூரையில இருக்குடி” என்றது புல்லுக்குள் இருந்து இன்னொரு வீட்டு ஆம்பிளையின் குரல்.

பிறகு வீடு வீடாக வந்தது. கூரை ஓலையிலிருந்து, தலையணைக்குள்ளிருந்து, ஒருவர் தலைப்பாகையிலிருந்து. சாமி படத்துக்குப் பின்னாலிருந்துகூட வந்தது. எங்கள் வாசலில் ஒரு சின்னக் குவியலே சேர்ந்துவிட்டது. கத்திக்காரன் மறுபடி சிரித்தான். அப்பாவின் தோளை விட்டான். குவியலிலிருந்து நல்ல சுருட்டாக ஒன்றை எடுத்து அவர் வாயருகே நீட்டி, தீக்குச்சியையும் கிழித்தான்.

வாங்கிப் புகைத்தால் பட்ட பாடெல்லாம் போகும். மாட்டேன் என்றால் ஆளே போவார். அப்பா அந்தச் சுருட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். காதுக்கு மேல் பத்திரமாகச் செருகிவிட்டு, இடுப்பு வளைய வணங்கினார். தீக்குச்சி அவன் விரலைச் சுட்டது. உதறிவிட்டு, நல்ல வேளையாக, சிரித்தான்.

போகும்போது பலகை முன்னால் நின்றான். எங்கள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவரச் சைகை காட்டி வாங்கி, என் கடைசி எழுத்தை அடித்துவிட்டு, இரண்டு எழுத்து எழுதினான். குவியலை அள்ளிக்கொண்டு லாரி போய்விட்டது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரிமா... சென்.

எங்கள் வாசலில் இத்தனை நாளும், கடைப் பலகை போல, ‘புகையிலை இருக்கிறது’ என்று எழுதியிருந்திருக்கிறேன்! இப்போதுதான், லயத்தில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சாத பிறகுதான், பலகை உண்மை பேசியது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“ஏண்டா, அப்ப நான் ஒருத்தன்தான் விட்டேனா?”

கறுப்பையா மாமா, “உன் மூக்குல ஏறாம பாத்துக்கிட்டோம்லா மச்சான்” என்றார். “ஆத்தங்கரை வரைக்கும் நடந்து போயித்தான் குடிச்சோம்.”

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மா ஓடிவந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். காதிலிருந்த சுருட்டை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

“இந்தா, என் உயிரை மீட்டது நீதான். நீயே குடி. ஆத்தங்கரைக்குப் போயிக் குடி.”

அதற்குப் பிறகு அவர் தொடவேயில்லை. அந்த லயத்திலேயே வாக்குத் தவறாத ஒரே ஆம்பிளை என்ற பெருமையை ஒரு சுருட்டுக்காக விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. மற்றவர்கள் கொஞ்ச காலம் வேறு வழியில்லாமல் விட்டிருந்தார்கள். என்னைக் கண்டால் பல்லைக் கடித்தார்கள். எங்கள் வீட்டில் ‘மாசு’ என்றால் என்ன, ‘சென்’ என்றால் என்ன என்று இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. உப்பு இருக்கிறதா என்று மரியம்மா அக்கா கேட்டால், “அரிமாசு” என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொள்வார்.

சண்டை முடிந்து, இப்போது நான் அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் போர்டிக்சனிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மேட்டில் இருக்கும் எங்கள் லயத்துக்கு அப்பாதான் முன்னால் நடந்து அழைத்துவந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு மூச்சு வாங்கியது, அப்பாவுக்கு வாங்கவில்லை. உட்கார்ந்ததும் அந்தத் தகப்பனார், “பொண்ணுக்குப் படிப்பெல்லாம் எப்படிங்க?” என்று கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஒரே மூச்சில், இருமாமல், “படிப்பா? அரிமாசு!” என்றார்.

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இதுவரை சொல்ல மறுக்கிறார்.