அழற்சிக்கு எதிராக ஒரு தூதுக்குழு

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு, கரக் நகரில் இதய மருத்துவம் தன் உச்சத்தைத் தொட்டது.

பன்னிரண்டு கனவான்கள் வந்தார்கள். பெண் கேட்கவும் கொலைப்பகையைச் சமாதானம் பேசி முடிக்கவும் போகிற அதே தூதுக்குழு, அதே கறுப்பு மேலங்கிகள். இம்முறை எதிரி, அபூ ஸக்ரின் இரத்தக் குழாய்களில் இருந்த அழற்சி.

வரவழைத்தவள் அவர் மனைவி நவ்ஃபா. அவருக்கு ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. கொழுப்பைக் குறைத்தும் குழாய்களுக்குள் நெருப்பு அணையவில்லை, தினம் ஒரு சிறு மாத்திரை போட்டால் அடுத்ததைத் தடுக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர் லமீஸ். ஆனால் அது அபூ ஸக்ரின் மச்சானுக்குக் கால் பெருவிரல் வீங்கியபோது கொடுத்த மாத்திரை.

"அவன் கால் மருந்த என் நெஞ்சுக்குள்ள விடமாட்டேன்," என்று அபூ ஸக்ர் மானத்தோடு மறுத்துவிட்டார். நவ்ஃபா கெஞ்சிப் பார்த்தாள். பிறகுதான் தூதுக்குழு.

காப்பி வந்தது. குழுத் தலைவர் அபூ தலால் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். மற்ற கோப்பைகளும் இறங்கின. கேட்டது கிடைக்காமல் ஒருவரும் குடிக்கமாட்டார்கள்; குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கு அவமானம். அபூ தலால் அழற்சியைப் பற்றி, புகைத்தபடி, நெடுநேரம் உரையாற்றினார். அது என்னவென்று அவருக்குத் தெரியாதது உரையின் கம்பீரத்தைக் குறைக்கவில்லை.

"உங்க முகத்துக்காக முழுங்குறேன்," என்றார் அபூ ஸக்ர்.

கோப்பைகள் காலியாயின. நெய் வழியும் ஆட்டுக்கறிச் சோறு தாம்பாளத்தில் வந்தது. நவ்ஃபா மாத்திரை அட்டையை நீட்டினாள். ஊரில் கிடைத்த கடைசி அட்டை. அடுத்தது எப்போது வருமென்று மருந்துக் கடைக்காரருக்கே தெரியாது.

விருந்தாளி வாயில் படாததை வீட்டுக்குரியவர் வாயில் போடுவதெப்படி? அபூ ஸக்ர் முதல் மாத்திரையைத் தலைவரிடம் நீட்டினார்.

"நீங்க முதல்ல."

"சேச்சே, நோயாளி நீங்க."

"என் பிள்ளைங்க மேல சத்தியம், நீங்கதான்."

அதற்குமேல் மறுப்பது மரியாதையல்ல. தலைவர் விழுங்கினார். அட்டை வலப்பக்கமாகச் சுற்றி, காலியாகத் திரும்பியது. கடைசி இருவருக்குக் கிடைக்காததற்கு அபூ ஸக்ர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இவ்வாறாக, ஊரின் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் அழற்சியிலிருந்து காக்கப்பட்டார்கள். வழியனுப்ப எழுந்த அபூ ஸக்ர் மார்பைத் தடவிக்கொண்டார். "வரலாற்று வெற்றி" என்று அவரை வாழ்த்திவிட்டு அபூ தலால் செருப்பைத் தேடினார்.

நவ்ஃபா வாசலை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு இவர்கிட்ட கேட்டு வாங்கிட்டீங்க, அபூ தலால். நாளைக்கு இவர் நெஞ்சு நின்னுபோனா, யாரு வீட்டுல போயி காப்பியத் தொடாம உக்காருவீங்க?"