ரயில் பாலத்துக்குத் தண்ணி பாய்ச்சின ஈரம் அண்ணன்

உலகத்தில் எத்தனையோ ஊர்களில் ஏர்போர்ட்டுக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் பாலத்தைக் கட்டினார்கள். எங்கள் பாலத்தை மட்டும் பயிர் செய்தார்கள். செய்தவர் ஒரே ஆள், ஈரம் அண்ணன். இதை மறுக்கிற எஞ்சினியர் யாராவது இருந்தால் நேரில் வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். பக்கத்து நகரத்திலிருந்து அதன் ஏர்போர்ட்டுக்குத் தூண்களின் மேல் ரயில் போக வேண்டும். தூணுக்குத் தூண் கிடத்துகிற நீளமான கான்கிரீட் கர்டர்களை வார்க்க நகரத்தில் இடம் ஏது? பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கம் நெல்வயல்களை ஒட்டிய பொட்டல் ஒன்றைப் பிடித்து, அங்கே வார்த்து, லாரியில் ஏற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாக எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் மறையூர்க்காரன். லேப்பில் வேலை. ஒவ்வொரு கர்டர் வார்க்கும்போதும் அதே கலவையில் சின்னக் கட்டைகள் சிலதும் வார்ப்பார்கள். ஏழாம் நாள் அவற்றை மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

வார்த்த கான்கிரீட்டை நாள் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கணும், காய்ந்தால் வெடிப்பு விடும். அந்த வேலைக்குத்தான் உள்ளூர் விவசாயி ஒருவரைச் சேர்த்தார்கள். ஓஸ் பைப்பும் கையுமாக நிற்பார். நனைத்த சாக்கைக் கர்டர் மேல் போர்த்தி, புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தாண்டிப் போகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தி, "அந்தக் கோடியில ஈரம் இருக்குதுங்களா?" என்று கேட்பார். ஒரு மாதத்தில் அவர் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

கர்டரைப் பற்றி அவர் பேசுகிற பேச்சே தனி. மூன்றாம் நாள் கர்டர் "பச்சைப்புள்ளை". ஏழாம் நாளானால் "வேர் புடிச்சிருச்சு". தானே தண்ணீர் தெளிக்கிற மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தபோது அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதுக்குப் பயிரோட மூஞ்சி தெரியுமுங்களா என்று கேட்டார். அதற்குப் பிறகும் ஓஸைக் கீழே போடவில்லை. ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு கர்டரை ஒட்டி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். தள்ளி நிற்கும்படி அண்ணன் இரண்டு தடவை சொன்னாராம். மூன்றாவது தடவை சொல்லவில்லை, பாய்ச்சிவிட்டார். விசாரித்தபோது அமைதியாகச் சொன்னார்: "அவரு இன்னொரு நாளைக்கு வந்து நிக்கலாமுங்க. இதுக்குத் தண்ணி இப்பத்தானுங்க வேணும்."

என்னை அவருக்கு ஆகாது. அவர் ஊட்டி வளர்ப்பதை நான் நசுக்குகிறேனே! கட்டையை மிஷினில் வைக்கிற நாளில் லேப் வாசலில், ஆப்பரேஷன் தியேட்டர் வெளியே நிற்கிறவர் மாதிரி நிற்பார். நான் வெளியே வந்ததும், "தாங்குச்சுங்களா, லேப் சார்?" என்பார். தாங்கியது என்றால்தான் டீ குடிக்கப் போவார்.

இப்படியே போய் கடைசிக் கர்டர் வந்தது, ஏர்போர்ட் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார வேண்டியது. அதில் ஒரு வெடிப்பு விட்டாலும் திரும்ப வார்க்கணும், ரயில் தள்ளிப்போகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வாரம் பேயாக அடித்தது. போர்த்திய சாக்கு பத்து நிமிஷத்தில் அப்பளமாகக் காய்ந்தது. வார்த்த மறுநாள் காலையில் தண்ணீர் தெளிக்கிற மோட்டாரும் கருகிப்போயிற்று.

அதே நாள்தான் அண்ணன் வயலுக்குக் கால்வாயில் தண்ணீர் முறை. விட்டால் அடுத்த முறைக்கு இரண்டு வாரம். நெல்லோ கதிர் வெளிவரப் பொதி தள்ளி நிற்கிறது. இப்போது காய்ந்தால் கதிர் பதராகிவிடும். அந்த அரை ஏக்கர்தான் அவருக்கு வருஷச் சோறு.

அவர் கர்டரைப் பார்த்தார், வயல் இருக்கிற திசையைப் பார்த்தார். எங்கள் சைட் எஞ்சினியர் ஷீபா மேடம், ஓஸை நாங்கள் பிடிக்கிறோம், நீங்கள் வயலுக்குப் போங்கள் என்று மலையாளமும் தமிழும் கலந்து கெஞ்சினார். அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"இதை உங்களை நம்பி உட முடியாதுங்க. நீங்க வேணும்னா வயலுக்குப் போங்க."

எங்கள் கர்டரை எங்களிடம் நம்பிக் கொடுக்க மாட்டார், தன் சோற்றைக் கொடுத்துவிட்டார். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரெண்டாவது மடையைத் திறக்கணும், மதியம் வரை வரப்பு உடையாமல் பார்த்துக்கொள்ளணும், அவ்வளவுதான் வேலை என்றார். மேடம், நான், வெல்டர் சேவியர் மூன்று பேரும் ஹெல்மெட்டும் பளபளா சட்டையுமாக மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் பாலத்தில் தூண்களை ஏர்போர்ட் முனையிலிருந்து, அதாவது லைன் முடிகிற இடத்திலிருந்து எண்ணுவோம். மேடம் அதே சுத்தத்தோடு கால்வாய் முடிகிற இடத்திலிருந்து எண்ணி, ரெண்டாவது மடையைத் திறந்தார். வரப்பில் எலி வளை கண்ட இடமெல்லாம் சேவியர் மண் வெட்டி அடைத்தான். வெயிலில் நின்று அத்தனை ஒழுங்காக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. நடுவே ஒரு அம்மா வந்து எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்து மிரண்டு நின்றார். தண்ணீர் பாய்வதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஆளுக்கு இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்ன ஊர், என்ன மனுஷர்கள் என்று மேடம் உருகிப்போனார்.

திரும்பி வந்து மேடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். இளநீர் அம்மா வரைக்கும் வந்தபோது அண்ணன் முதல்முறையாக ஓஸைக் கீழே வைத்தார்.

"அது பொன்னாத்தா வயலுங்க. என்னுது கால்வாய்த் தலைமாட்டுல இருந்து ரெண்டாவதுங்க."

மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முறை நேரம் முடிந்து கால்வாயை அடைத்திருப்பார்கள், இனி ஓடிப்போயும் பயனில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அண்ணன் எங்கள் மூன்று பேரின் சேற்றுக் கால்களைப் பார்த்தார்.

"உடுங்க. பயிருக்குத்தானுங்க பாய்ச்சியிருக்கீங்க, ரோட்டுல ஊத்தலியே," என்று சொல்லிவிட்டு ஓஸை எடுத்துக்கொண்டு கர்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

கர்டரில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. ஏழாம் நாள் கட்டை அப்படித் தாங்கியது, மிஷின் கைப்பிடியை அடித்து அடித்து எனக்கே கை வலித்தது. அண்ணன் வயலில் மட்டும் பாதி பதர். அறுப்பு முடிந்த வாரம் மூன்று பைகளோடு லேப்புக்கு வந்தார். புது அரிசி. தண்ணி பாத்தவங்களுக்குப் பங்கு கொடுக்கோணும், எங்க மொறைங்க என்றார். நாங்கள் பார்த்தது உங்கள் வயல் இல்லையே அண்ணா என்றேன்.

"வெயில்ல நின்னது எனக்காகத்தானுங்களே," என்று பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ரயில் ஓடத் தொடங்கும் நாளுக்கு எங்கள் வார்ப்பு யார்டுக்கும் சில பாஸ்கள் வந்தன. முதல் பாஸை அவருக்கென்று எழுதி வாங்கி, நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேதியைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் முறை. நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க ரயில்ல போயிட்டு வாங்க, லேப் சார். வயல் பக்கம் மட்டும் வந்துராதீங்க."

போனேன். கூட்டமான கூட்டம். ஏர்போர்ட் வரும்வரை என் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை, ஆள் வருது, ஆள் வருது என்றே சொல்லிக்கொண்டு போனேன்.