மூன்று முறைக்கு மேல் எழுந்தால்

சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும், மைசூர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது நின்றபாடில்லை. இந்தத் தேசியக் குறைபாட்டைப் போக்க கல்வி இலாகா மேலதிகாரி திருநாராயணன் ஒரு சுற்றறிக்கை விட்டார். பாடவேளையில் மூன்று முறைக்கு மேல் எழுந்திருக்கும், அல்லது பாடத்தில் இல்லாத கேள்வி கேட்கும் எந்தக் குழந்தைக்கும், தினம் இரண்டு ஸ்பூன் 'சித்தஸ்திர மிக்ஸ்சர்' புகட்டப்பட வேண்டியது.

அதை டைப் அடித்தவர் குமாஸ்தா கேசவமூர்த்தி. பிழையில்லாமல் அடிப்பார், என்ன அடித்தீர் என்று மட்டும் அவரைக் கேட்கக்கூடாது.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் பரிசோதனைக்கு வந்த அன்றைக்குத்தானா தசரா யானைகள் அந்தத் தெருவில் நடை பழக வேண்டும்! மணிச் சத்தம் கேட்டதும் வகுப்பே ஜன்னலில் தொங்கியது. டாக்டர் நாற்பத்தொரு பேருக்கும் மருந்து எழுதினார். கடைசி பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஒருத்திக்கு மட்டும் 'கவனம் பூரணம்' என்று சான்றிதழ் கிடைத்தது.

அந்த நாற்பத்தொருவரில் கேசவமூர்த்தியின் மகள் கோதையும் சேர்த்தி. வாய் ஓயாத குழந்தை, நாலே நாளில் சாத்தமுது சாதத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். கேசவமூர்த்தி இரண்டு நாள் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, குழந்தை தெளிந்ததும், கையோடு ஆபீஸுக்கு அழைத்துப் போனார்.

"ஸார், இவளுக்கு மட்டும் மருந்தை நிறுத்திக்கலாமா?"

"எப்படிய்யா? உத்தரவுன்னா உத்தரவு. யானையைக் கண்டா எழுந்து ஓடற புத்தியைத் திருத்தாம..."

வெளியே மணிச் சத்தம். திருநாராயணன் ஜன்னலில் இருந்தார். சட்டென்று வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"அடேயப்பா, தந்தத்தைப் பாருய்யா!"

"அப்பா, மாமா இதோட நாலு தடவை எழுந்தாச்சு" என்றாள் கோதை. "அவருக்கும் ரெண்டு ஸ்பூன்தானே?"

திருநாராயணன் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கேசவமூர்த்தி, குத்தம் மனுஷா மேலே இல்லை. மூல காரணத்தைக் கவனிக்கணும். எழுதிக்கோய்யா."

பிள்ளைகளுக்கான மருந்து இதன்மூலம் ரத்து. பொதுமக்களின் கவனத்தைச் சிதறடிக்கும் யானை ஒவ்வொன்றுக்கும் தினம் இரண்டு பீப்பாய்.

கேசவமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பெருமாளே என்று கும்பிட்டுவிட்டு அடித்தார். மூன்று பிரதி, ஒரு பிழை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோதையின் வாய் ஓயவில்லை. "யானைக்கு யாருப்பா புகட்டுவா? அது தூங்கிட்டா அம்பாரி சரியாதா? யானை பாவம் இல்லையா?"

"சும்மா வாடி" என்றார் கேசவமூர்த்தி. "மிச்ச மருந்து இன்னும் நம்மாத்துலதான் இருக்கு."