பிராக் போக மொஸ்கோ வழி

வெள்ளவத்தை,
ஞாயிறு

அன்புள்ள தங்கையா அத்தானுக்கு,

ஸ்ரீலேகா செக் மொழி நேர்முகத்தில் தேறவில்லை. வெள்ளி பின்னேரம் வந்த பல்கலைக்கழக மின்னஞ்சல் இதை உறுதி செய்கிறது. அதன் கீழே பதிவாளரின் பெயரும் இருக்கிறது. அக்காவின் முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொண்டு, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். பத்திரிகையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் எழுதினேன்.

என் மகளுக்கு நீங்கள் இருக்கிற பிராக்கிலேயே மொழியியல் படிக்க இடம் எடுக்கலாம் என்றவர் நீங்கள். செக் படிக்க இதைவிட நல்ல புத்தகம் இல்லை என்று பார்சல் அனுப்பியவரும் நீங்கள். பிரித்துப் பார்த்தால், அது ரஷ்யன் தெரிந்த பல்கலைக்கழக மாணவர்கள் செக்கை ஒப்பிட்டுப் படிக்கும் புத்தகம். இடப்பக்கம் ரஷ்யன், வலப்பக்கம் செக். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே இருட்டு. தொலைபேசியில் கேட்டபோது, "ரஷ்யன் தெரிஞ்சா செக் பாதி முடிஞ்ச மாதிரி, மச்சான்" என்றீர்கள். அந்த ரஷ்யனுக்கு என்ன வழி என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு பாடம் தெரியாவிட்டால் டியூஷனுக்கு அனுப்புவோம். கொட்டாஞ்சேனை ஷெல்டன் எண்பதுகளில் மொஸ்கோவில் பொறியியல் படித்தவர். இப்போது காலி வீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே ரஷ்யன் வகுப்பு நடத்துகிறார். "செக்கை விடுங்கோ அண்ணை, முதல்ல ரஷ்யனை வடிவாப் படிக்கட்டும்" எண்டார். பிள்ளையும் வடிவாத்தான் படிச்சது. குழு வகுப்பு, தனி வகுப்பு, கடைசியில ஒரு செமினார். செக் சோதனைக்கு ரஷ்யனில மாதிரி வினாத்தாள் அடிச்சுக் குடுத்த ஊர் உலகத்தில எங்கட ஊராத்தான் இருக்கும். வலப்பக்கத்தை ஒருத்தரும் தொடேல்லை. பக்கத்து பிளாட் பதியுதீனிட்ட, "பாதி முடிஞ்சுது" எண்டு பெருமையாச் சொன்னன். "மத்தப் பாதிக்கு மாஸ்டர் யாரு?" எண்டு கேட்டார். பொறாமை எண்டு நினைச்சன்.

பிறகு கணினியில நேர்முகம். அந்தப் பக்கம் என்ர வயசில ஒரு அம்மா, நல்ல சிரிப்பு. எங்கட ஆள் வாயைத் திறந்து ரஷ்யனைப் பொழிஞ்சா. அந்த அம்மாவின்ர சிரிப்பு அப்பிடியே நிண்டுபோட்டுது. "சோவியத் காலத்தில பள்ளிக்கூடத்தில இதை எங்களுக்குக் கட்டாயமாப் படிப்பிச்சவை. மறக்கக் கனகாலம் எடுத்தது" எண்டு இங்கிலிஷில மெதுவாச் சொல்லிப்போட்டு, நன்றி சொன்னா. அந்த ஊரில இவ்வளவு காலம் இருக்கிற உங்களுக்கு இது தெரியாதா அத்தான்? தெரியாட்டி அங்க என்னதான் செய்தனீங்கள்?

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. மறுநேர்முகம் அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி. ரஷ்யன் வாடையே இல்லாத செக் புத்தகம் ஒன்றை உடனே அனுப்புங்கள். பிள்ளையின் எதிர்காலம் இப்போது உங்கள் தபாலில் இருக்கிறது.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கும், கோபம் ஆறிய பிறகு.

சண்முகம்

பி.கு.: புத்தகம் அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஸ்ரீலேகாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வலப்பக்கத்தையும் நான் படிச்சனான் அப்பா. தெரிஞ்சுதான் ரஷ்யனில கதைச்சனான். அங்க அதைக் கதைச்சா என்ன நடக்கும் எண்டு பிராக் மாமிதான் சொன்னவ" என்றாள். உனவட்டுனக் கடற்கரையில் ரஷ்ய உல்லாசப் பயணிகள் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். பிராக் போக விருப்பமில்லை என்று ஏன் சொல்லவில்லை என்றேன். "மாமாவைக் கேட்டீங்கள், ஷெல்டன் சேரைக் கேட்டீங்கள். என்னைக் கேட்டீங்களா?"

சம்பந்தப்பட்டவரின் கருத்தைப் பெறாமல் நான் ஒரு செய்தியையும் அச்சுக்கு விட்டதில்லை, அத்தான். ஹோட்டலின் பதில் வருகிற வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று தெரியவருகிறது.